சென் எனக்குக் கொடுத்த இங்கிலீஷ் வார்த்தை

"சாவியைக் குடுங்கண்ணே" என்று அந்த மனிதர் கையை நீட்டினார்.

வெயில் இன்னும் சூடேறாத காலை நேரம். அருப்புக்கோட்டையில் அந்த மாடி வீட்டு கேட்டுக்கு முன்னால் வேனை நிறுத்திக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கக் கண்ணாடிதான் முடிந்திருந்தது. ஈரத்துணி கையிலேயே இருந்தது.

கையை நீட்டியவர் பெயர் ரஃபீக். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, வீரசோழனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். எனக்குப் பதிலாக இனிமேல் இந்த வேனை ஓட்டப் போகிறவர். மாடிப்படியில் ஷூ சத்தம் கேட்டது. நான் தினம் வேனில் கூட்டிப்போகிற சீனாக்காரர்கள் சென்னும் மெய்யும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

என் வேலை போனதற்குக் காரணம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தது நான்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

செத்த நேரம்

கரி லாரி ஓட்டிய காலத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "லாரியை ஏன் விட்டீர்கள்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. என் மனைவி செல்விக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது.

பகலில் ஓரளவு தெரியும். வெளிச்சம் குறையக் குறைய எல்லாம் புகை மூட்டம் மாதிரி ஆகிவிடும் என்பாள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், கூட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ராஜி மதுரையில் நர்சிங் படிக்கிறாள். லாரிக்குப் போனால் நான் வீடு திரும்பப் பல நாள் ஆகும். அடுப்பங்கரையில் செல்வி கையைச் சுட்டுக்கொண்ட ஒரு சாயங்காலத்துக்குப் பிறகு நான் லாரியில் ஏறவில்லை.

அப்புறம் கிடைத்ததுதான் இந்த வேன். திருச்சுழி தாண்டி, மழையை நம்பிக் கிடந்த ஒரு பொட்டல் காட்டில் சூரிய ஒளியில் கரண்ட் எடுக்கும் நிலையம் வந்திருந்தது. அங்கே மெஷின்களைப் பூட்டிப் பழக்கிக் கொடுக்கச் சீனாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலையில் அவர்களைக் கூட்டிப்போய், சாயங்காலம் கூட்டிவந்து விட வேண்டும். வெளிச்சம் போவதற்குள் நான் வீட்டில் இருப்பேன். இந்த வேலை போனால் மறுபடி லாரிதான். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

சென் முப்பத்தைந்து வயதுக்காரர். அகலமான ஆள், சத்தமாகச் சிரிப்பார். மெய் அவரைவிட இளைய பெண், அதிகம் பேசாதவர். வெயிலுக்குப் பயந்து முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் துணியால் மூடிக்கொள்வார். மெய் என்றால் எங்கள் மொழியில் உண்மை என்று சொன்னேன். அவர்கள் மொழியில் அழகு என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று சென் தீர்ப்புச் சொன்னார். என் பெயர் இருளாண்டி. அது அவர்கள் வாயில் நுழையவில்லை. "மிஸ்டர் லாண்டி" ஆகிவிட்டேன்.

இரண்டு பேரும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டிருந்தார்கள். நிலையத்து எஞ்சினியர்களோடு பேச, ஆபீசுக்கு வாராவாரம் ரிப்போர்ட் எழுத, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் வேண்டியிருந்தது. சென்னின் போன் தினம் ஒரு வார்த்தையைக் கொடுக்கும். அதை வேனில் போகும்போது என்னிடம்தான் சொல்லிப் பழகுவார்.

ஏன் என்னிடம் என்றால், நான் சிரிக்க மாட்டேன். வந்த புதிதில் அவர் ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லப்போய் நிலையத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்குக்கூடக் கையைத்தான் காட்டினார். வேனில்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி பேச ஆரம்பித்தார். பேசக் கூச்சப்படுகிறவனைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும். நானும் அந்த ஜாதிதான்.

எங்களுக்குள் போன்தான் மொழி. அவர் சீனத்தில் பேசினால் அது தமிழில் சொல்லும், ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மா குரலில். "தாங்கள் காலை உணவு உட்கொண்டீர்களா?" என்று கேட்கும். நானும் அதே மாதிரிப் பேச வேண்டும். பேசாவிட்டால் வம்பு.

ஒருநாள் டயருக்குக் காற்று அடிக்க நிறுத்தினேன். "செத்த நேரம் பொறுங்க" என்று போனிடம் சொன்னேன். போன் சீனத்தில் ஏதோ சொல்லியது. சென் பதறிப்போய்க் கதவைத் திறந்து கீழே குதித்தார். மெய் என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் செத்தது, எப்போது செத்தது என்று விசாரித்து முடிக்க, காற்று அடித்ததைவிட அதிக நேரம் ஆனது. அன்றிலிருந்து போனிடம் நான் மூன்றாம் வகுப்புப் புத்தகம் மாதிரிதான் பேசுவேன்.

மெய்யின் துணி

அந்த வார்த்தை வந்த காலை நல்ல காற்று. போனில் முள் கொப்பு ஒன்றின் படம் இருந்தது. "தார்னி" என்று படித்தார் சென். கீழே இருந்த உதாரண வாக்கியத்தைப் போன் எனக்குத் தமிழில் சொன்னது. "இது முட்கள் நிறைந்த பிரச்சினை."

சென் வெளியே பார்த்தார். எங்கள் பக்கத்தில் வெளியே பார்த்தால் வேறென்ன தெரியும்? ரோட்டுக்கு இந்தப் பக்கமும் சீமைக்கருவேலம், அந்தப் பக்கமும் சீமைக்கருவேலம். முள் அவருக்குப் புரிந்தது. பிரச்சினையும் புரிந்தது. பிரச்சினையில் முள் எப்படி முளைக்கும் என்பதுதான் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. முள்ளில் விழுந்த சேலையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பங்காளிச் சண்டை, கல்யாணத்தில் முறுக்கிக்கொண்டு போன மாமன், இந்த மாதிரி விஷயங்களுக்குச் சொல்வது. அவசரப்பட்டு இழுத்தால் சேலை கிழியும். ஆனால் இதைப் புத்தகத் தமிழில் போனுக்கு எப்படிச் சொல்வது? மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

அதற்கு வேலையே இல்லாமல் போனது. ஜன்னல் வழியாகக் காற்று மெய்யின் கழுத்துத் துணியை உருவிக்கொண்டு போய், நேரே ஒரு கருவேலம் புதர்மேல் விரித்துப் போட்டது.

மெல்லிசான துணி, நீல நிறம். அவர் அம்மா கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. வேனை நிறுத்தியதும் மெய் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். "இழுக்காதீங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் சத்தமாகச் சொன்ன வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

கருவேல முள்ளில் மாட்டிய துணியை எடுக்க ஒரு முறை இருக்கிறது. துணியைத் தொடவே கூடாது. கொப்பைத்தான் துணியின் பக்கமாக வளைக்க வேண்டும். முள் எந்த வழியாக உள்ளே போனதோ அதே வழியாக வெளியே வரும். ஒன்றை எடுத்தால் இன்னொரு கொப்பு வந்து பிடிக்கும். அதன்மேல் கோபப்படக் கூடாது. நான் ஒவ்வொரு முள்ளாக விடுவித்தேன். சென் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்.

துணி முழுசாக வந்தது. மெய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு ஓட்டை இல்லை.

"தார்னி!" என்று கத்தினார் சென். விரலை நீட்டினார். "லாண்டி! தார்னி!"

"எஸ், எஸ்" என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அது. அவருக்கு அர்த்தம் புரிந்துவிட்டது, நான் ஒரு வார்த்தையும் பேசாமலே சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

அந்த விரல் முள்ளைக் காட்டவில்லை, என்னைக் காட்டியது. அதை நான் கவனிக்கவில்லை.

யாரு அந்தத் தாரணி?

அதற்கப்புறம் சென் அந்த வார்த்தையை விடவில்லை. மெய் தலைமுடி மாதிரி இருக்கும் வயர்களைப் பொறுமையாகப் பிரித்து மாட்டினால் "தார்னி". முள்ளுக்குள் வாயை விட்டுக் கருவேலம் நெற்றை மட்டும் கவ்வி எடுக்கும் வெள்ளாட்டைப் பார்த்தால் "தார்னி". சாயங்காலம் கதிர் சாயும்போது ஒரு கொக்கு கண்மாய்த் தண்ணியில் அசையாமல் நின்றால் அதுவும் "தார்னி".

திருச்சுழி டீக்கடையில் மாஸ்டர் ஒரு சொட்டுச் சிந்தாமல் டீ ஆற்றினார். சென் எழுந்து நின்று கட்டை விரலைத் தூக்கினார். "தார்னி! வெரி தார்னி!"

"என்னண்ணே, சீனாக்காரரு என்னைய வையிறாரா, மெச்சுறாரா?" என்றார் மாஸ்டர்.

"மெச்சுறாரு."

"அப்ப அவருக்கு ஒரு வடை சேத்து வைங்கப்பா" என்று உள்ளே சத்தம் கொடுத்தார்.

எனக்கும் அந்த வார்த்தை பிடித்துப்போனது. பகல் வெளிச்சத்தில் செல்வி முறத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலாலேயே தடவி அரிசியில் கல் பொறுக்குவாள். ஒரு கல் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "நீ ஒரு தார்னி" என்றேன்.

முறம் நின்றது. "என்னது? தாரணியா? யாரு அது?"

"இல்ல, அது வந்து, வேன்ல..."

"வேன்ல வாரவளா? மெய்யின்னுதான சொன்னீக. இப்ப தாரணின்னு ஒருத்தி வாராளாக்கும்?"

இங்கிலீஷ் வார்த்தை என்று நம்பவைக்க அரை நாள் ஆனது. நம்பிய பிறகு, "அப்பச் சரி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"இருக்காதா சார்?"

ஆபீஸ் மதுரையில் இருக்கிறது. மேனேஜர் பெயர் சுந்தரம். கெட்டவர் இல்லை. எப்போதும் இரண்டு போனில் பேசிக்கொண்டிருப்பவர். ஒரு மதியம், நிலையத்து வேப்ப மரத்தடியில் நான் சாப்பிட்டு முடித்தபோது கூப்பிட்டார்.

"இருளாண்டி, உனக்கும் அந்தச் சீனாக்காரங்களுக்கும் என்னய்யா தகராறு?"

"ஒண்ணும் இல்லியே சார்."

"பின்ன ரிப்போர்ட்ல இப்படி எழுதியிருக்காரு? படிக்கிறேன் கேளு. 'டிரைவர் லாண்டி வெரி தார்னி மேன்.'"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரிப்போர்ட்டிலேயே எழுதிவிட்டாரா!

"ஆமா சார்" என்றேன்.

"என்ன ஆமா?"

"அப்படித்தான் சார் சொல்வாரு."

"உன் மூஞ்சிக்கு நேராவா?"

"ஆமா சார். மத்தவுகளையும் சொல்வாரு. என்னையத்தான் ஜாஸ்தி சொல்வாரு."

"அது உனக்குச் சந்தோசமா இருக்காக்கும்?"

"இருக்காதா சார்?"

"திமிர்யா உனக்கு" என்று வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சென்னின் போன் அடித்தது, ஆபீசிலிருந்துதான். நிழலுக்கு வந்து நின்று பேசினார். "எஸ். லாண்டி. வெரி வெரி தார்னி. எவ்ரி டே தார்னி" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டது. அது அவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "ஓகே, ஓகே" என்றார்.

புரியாததற்கெல்லாம் ஓகே சொல்வது அவர் பழக்கம். ஆபீசில் நான் "சரி சார்" சொல்வதும் அப்படித்தான். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அவர்களை இறக்கிவிட்டதும் மறுபடி மேனேஜர். "நாளையிலருந்து வேற டிரைவர் வாராரு. காலையில சாவியை அவருட்ட குடுத்துட்டு வந்திரு. அந்தச் சீனாக்காரர்ட்டயும் கேட்டுட்டேன், ஓகேன்னுட்டாரு."

"சரி சார்" என்றேன்.

எத்தனை தொல்லை இருக்கு

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் செல்வி ராஜிக்குப் போன் போடச் சொன்னாள். ராஜி வார்த்தையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். அப்புறம், "அப்பா, அதைச் சொன்னது யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நல்ல வார்த்தைதான?"

"இல்லப்பா. தொந்தரவான விஷயத்தைச் சொல்றது. கையை வச்சாலே குத்துற மாதிரி."

நான் விடவில்லை. எந்தத் தொந்தரவு? எங்கள் ஊரில் தொந்தரவுக்கா பஞ்சம்? முடியவே முடியாத சில்லறை வேலை சள்ளை. பக்கத்திலேயே உட்கார்ந்து நச்சரிக்கிற ஆள் இம்சை. வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள் துளைப்பது குடைச்சல். அழுகிற குழந்தையும் பாட்டரி இறங்கிய வண்டியும் ரோதனை. மழை பெய்தால் பெய்கிறது, பெய்யாவிட்டால் கடன் கேட்டுப் போக வேண்டும் என்கிற பூமியில் பிழைக்கிறவர்களுக்கு இத்தனை வார்த்தை தேவைப்பட்டிருக்கிறது. இதில் சென் சொன்னது எது?

ராஜி யோசித்தாள். "வில்லங்கம்னு வச்சுக்கங்க. பத்திரத்துல வர்ற வில்லங்கம் இல்ல, பேச்சுக்குச் சொல்வோம்ல."

"ஒரு ஆளைப் பாத்துச் சொன்னா?"

"வில்லங்கம் புடிச்ச ஆளு."

அப்போதுதான் அந்த விரல் எங்கே நீண்டது என்று எனக்குப் புரிந்தது. என் பொறுமையைத்தான் அவர் அந்த வார்த்தை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளாட்டையும் கொக்கையும் மெய்யையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அர்த்தம். அவர் பாராட்டத்தான் எழுதியிருக்கிறார்.

"சென்னுட்ட சொல்லுங்கப்பா. ஒரு போன்ல முடிஞ்சிரும்" என்றாள் ராஜி.

ஒரு போனில் முடியும். ஆனால் எனக்கு முன்னால் அந்த மனிதர் கையைக் காட்டிச் சோறு வாங்கிய நாட்கள் வந்து நின்றன. தானாகக் கற்ற ஒரு வார்த்தையை இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார். அது திட்டு என்று தெரிந்தால் மறுபடி வாயை மூடிவிடுவார். தவிர, நான் எனக்காக எதையும் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடுகிற அக்கா "போதுமாடா?" என்று கேட்கும். வயிறு கேட்கும், வாய் "போதும்" என்றுவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோதும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பேசாம சாவியைக் குடுத்துட்டு வந்திர்றேன்" என்றேன்.

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் நிற்கிற திசையைக் கணித்து, சரியாக என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கூச்சத்துக்கு நான் இருட்டுல உக்காரணுமா?" என்றாள்.

நோ ஓகே

கேட்டுக்கு முன்னால் ரஃபீக் கையை நீட்டியபடி நின்றார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். சென்னும் மெய்யும் கடைசிப் படியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"செத்த பொறுங்க தம்பி" என்று ரஃபீக்கிடம் சொன்னேன். அவருக்கு அர்த்தம் தெரியும். அதுவே ஒரு ஆறுதலாக இருந்தது.

சென்னின் போனைக் கேட்டு வாங்கினேன். வாய்ப்பாடு ஒப்பிக்கிறவன் மாதிரிச் சொன்னேன்.

"தார்னி பாராட்டு அல்ல. அது தொல்லை தரும் மனிதர் என்று பொருள். நான் தவறாகக் கற்றுக் கொடுத்தேன். நீங்கள் எழுதியதைப் படித்து அலுவலகம் என்னை நிறுத்திவிட்டது. இவர் புதிய ஓட்டுநர்." அதோடு நிறுத்தியிருப்பேன். செல்வி திரும்பி நின்ற முகம் நினைவுக்கு வந்தது. "எனக்கு இந்த வேலை வேண்டும்" என்றேன்.

போன் சீனத்தில் சொல்லி முடித்தது. ரஃபீக்கின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

மெய் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வேனின் துடைக்காத பக்கக் கண்ணாடிக்குப் போய், தூசியில் விரலால் இரண்டு எழுத்து எழுதினார். முதல் எழுத்து இரண்டு மரங்கள் ஒட்டி நிற்பது மாதிரி இருந்தது. "முள்" என்றது போன். இரண்டாவது எழுத்தைக் காட்டித் தன் உள்ளங்கையை விரித்தார். கை. முள், கை. எதையோ பிடிக்கப் போய் வெடுக்கென்று கையை உதறுவது மாதிரி செய்து காட்டினார். அவர்கள் மொழியிலும் இதற்கு இப்படித்தான் வார்த்தையாம். சின்ன வயசிலிருந்து சொல்லி வந்த வார்த்தை. படத்தில் இருந்த முள்ளைப் பார்த்து அது இதுதான் என்று தோன்றாமல் போய்விட்டது.

நாங்கள் முள் என்றால் காலைத்தான் நினைப்போம். அவர்கள் கையை நினைக்கிறார்கள். குத்துகிற இடம்தான் வேறு என்று எனக்கு அப்போது தோன்றியது.

சென் எதையும் பார்க்கவில்லை. முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. தலை குனிந்துவிட்டது. போச்சு, வாய் மூடிக்கொண்டது என்று நினைத்தேன். எனக்காகக் கேட்டதே தப்பு என்று நினைத்தேன்.

அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, மேனேஜருக்கு அடித்தார்.

"ஹலோ. மை இங்கிலீஷ் தார்னி" என்றார். நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டார். "டிரைவர் நோ தார்னி. டிரைவர் குட். மை இங்கிலீஷ், வெரி தார்னி."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டது. சென் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். ஒரு வார்த்தைகூடப் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

"நோ ஓகே" என்றார். "நோ ஓகே. நோ ஓகே."

போன் என்னிடம் வந்தது. "என்னய்யா நடக்குது அங்க?" என்றார் மேனேஜர். நான் துணியிலிருந்து ஆரம்பித்து, வெள்ளாடு, டீ மாஸ்டர், தாரணி வரைக்கும் சொன்னேன். ஒருவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "சரி சரி, நீயே ஓட்டு. அந்தப் புது ஆளைத் திருப்பி அனுப்பிரு" என்று வைத்துவிட்டார்.

திருச்சுழி ஸ்டாப்பு

திருப்பி அனுப்பிரு என்பது சொல்ல எவ்வளவு லேசாக இருக்கிறது. ரஃபீக் கேட் படியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"வாங்க, திருச்சுழி வரைக்கும் வேன்லயே போவம். அங்க பஸ் ஏறிக்கலாம்" என்றேன்.

முன் சீட்டு எப்போதும் சென்னுடையது. அவர் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்து, முன் கதவை ரஃபீக்குக்குத் திறந்துவிட்டார். அன்றைய வார்த்தையைச் சொல்லப் போன் சத்தம் கொடுத்தது. சென் அதை அணைத்துவிட்டார்.

ஸ்டாப்பில் இறங்கிய ரஃபீக் ஜன்னல் பக்கம் வந்தார். கோபமாகத் தெரியவில்லை. சட்டையின் மடிப்பு மட்டும் கலைந்திருந்தது.

"அண்ணே, போன வேகத்துல திரும்பி வந்துட்டியேன்னு வீட்டுல கேப்பாக. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"தப்பான ஆளை அனுப்பிட்டாகன்னு சொல்லுங்க."

"அப்ப நான் தப்பான ஆளா?"

"ஐயோ, அப்படி இல்ல தம்பி. நான் சொல்ல வந்தது..."

அவர் சிரித்துவிட்டார். "வேணாம்ணே. நீங்க யாருக்கும் அர்த்தம் சொல்ல வேணாம். நானே ஏதாவது சொல்லிக்கிறேன்."

வீரசோழன் பஸ் வந்தது. ஏறிப் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். பஸ் நகர்ந்து முக்கில் திரும்பும் வரை அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது.

நான் வேனை எடுக்கவில்லை. நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போக இன்னும் ஒரு வண்டி வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. பின்னால் சென்னும் மெய்யும் ஏன் போகவில்லை என்று கேட்காமல் காத்திருந்தார்கள். என் போனை எடுத்து, ஆபீஸ் நம்பரை நானே அழுத்தினேன். அதுவரை அவர்கள்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

"என்னய்யா, இப்ப என்ன?" என்றார் மேனேஜர்.

"சார்," என்றேன், "இன்னொருத்தருக்காக ஒண்ணு கேக்கணும்."